நண்டு வளையில் தொடங்கும் கணக்கு: கழிமுகம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே பிச்சாவரம் காடு இருக்கிறது. அங்கே உதிரும் இலை எப்படி இறாலாகவும் மீனாகவும் மாறுகிறது, அதில் சிறு நண்டுகளுக்கு என்ன பங்கு என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். நண்டை அந்த உணவு வலையின் ‘கீஸ்டோன் இனம்’ என்று சொல்லியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பள்ளி ஆசிரியர், சீர்காழி: கழிமுகத்துக் காட்டைத் தாங்குவது மரம். அதை விட்டுவிட்டு நண்டுக்கு ஏன் அந்தப் பட்டம்? ஆயிரக்கணக்கில் கிடக்கும் ஒன்றை அப்படிச் சொல்லலாமா?

கல்வளைவின் உச்சியில் கடைசியாக வைத்து இறுக்கும் கல்லுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. தமிழில் ‘அச்சாணி இனம்’ என்று சொல்லிப் பார்த்தால் கருத்து சட்டென்று பிடிபடும். தேரின் எடையில் அச்சாணியின் எடை எத்தனை பங்கு? ஆனாலும் அதைக் கழற்றினால் தேர் நகராது.

இந்தச் சொல்லை 1969-இல் கொண்டுவந்தவர் அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் பெய்ன். வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறை ஒன்றில் 1963 முதல் அவர் ஊதா நிற நட்சத்திர மீன்களைப் பிடுங்கிக் கடலுக்குள் எறிந்துவந்தார். பக்கத்துப் பாறையை அப்படியே விட்டுவைத்தார். நட்சத்திர மீன் இல்லாத பாறையில் சிப்பிகள் பெருகி மற்றவற்றை நெருக்கித் தள்ளின. அங்கே 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. ஓர் இனத்தை எடுத்துவிட்டுப் பார்ப்பதுதான் இதற்கான சோதனை. எண்ணிக்கைக்கும் எடைக்கும் பொருந்தாத அளவுக்குப் பெரிய மாற்றம் வந்தால் அது அச்சாணி.

உங்கள் கேள்வியின் முதல் பாதி நியாயமானது. வெண்கண்டலும் சுரபுன்னையும் இல்லாவிட்டால் காடே இல்லை. ஆனால் அவை எடையிலும் பரப்பிலும் முதலிடத்தில் இருப்பதால் அவற்றை ‘அடித்தள இனம்’ என்பார்கள். அது வேறு வகை. நண்டு விஷயத்தில் எடுத்துவிட்டுப் பார்க்கும் சோதனை நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் தாமஸ் ஸ்மித்தும் குழுவினரும் சதுப்புக் காட்டின் சில பாத்திகளிலிருந்து ஓராண்டு முழுக்க நண்டுகளைப் பிடித்து அகற்றினார்கள். முடிவுகள் 1991-இல் வெளிவந்தன. நண்டு இல்லாத பாத்திகளில் மண்ணின் சல்ஃபைடும் அம்மோனியமும் கூடின, மரத்தின் வளர்ச்சி குறைந்தது. இலை தின்னும் ஒரு நண்டை எடுத்தால் மரம் செழிக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு.

காரணத்தை வளை வாயிலேயே காணலாம். ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) வற்றிய பிறகு ஒரு நண்டு வளையைப் பக்கவாட்டில் மண்வெட்டியால் சீவிப் பாருங்கள். சுற்றிலும் சேறு கருப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும். வளையின் சுவரை ஒட்டி மட்டும் சில மில்லிமீட்டர் அகலத்துக்குப் பழுப்பாக, துரு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். ஓத நீர் வளை வழியே உள்ளே போய்வரும்போது கூடவே ஆக்சிஜனும் போகிறது. அது பட்ட இடத்தில் சேற்றிலுள்ள இரும்பு துருப்பிடித்த நிறம் அது. அந்த அளவுக்கு வேருக்குச் சல்ஃபைடு நச்சு குறைகிறது.

இரண்டாவது பாதிக்கும் பதில் உண்டு. நண்டுகள் ஏராளமாக இருப்பதால் அவற்றை அச்சாணி என்பதைவிட ‘சூழல் பொறியாளர்’ என்று சொல்வதே பொருத்தம் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். வாதத்தில் வலு இருக்கிறது. வகுப்பில் இரண்டு பெயரையும் சொல்லுங்கள். எந்தப் பெயர் நிலைத்தாலும் மேலே சொன்ன சோதனையின் முடிவு மாறப்போவதில்லை.

கல்லூரி மாணவி, சிதம்பரம்: ஒரு டன் இலை உதிர்ந்தால் கடைசியில் எத்தனை கிலோ கொடுவா கிடைக்கும்? 10 விழுக்காடு விதியைக் கொண்டு போட்டால் சரியாக வருமா?

போட்டுப் பார்ப்போம். ஈரம் போக உலர்ந்த இலை 1 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர் இலை கிராமுக்குச் சுமார் 4.5 கிலோ கலோரி. மொத்தம் 45 லட்சம் கிலோ கலோரி.

இலைமக்கைத் தின்னும் இறால், மடவை, புழு ஆகியவற்றின் உடலாக மாறுவது பத்தில் ஒரு பங்கு, அதாவது 4.5 லட்சம். ஈர எடையில் இறாலோ மீனோ கிராமுக்கு ஏறக்குறைய 1 கிலோ கலோரி என்று கொண்டால் 450 கிலோ. அவற்றைத் தின்னும் சிறு மீன்களில் 45 கிலோ. அவற்றைத் தின்னும் கொடுவாவில் 4.5 கிலோ. ஒரு டன் இலைக்கு நாலரைக் கிலோ கொடுவா. சந்தையில் மடவைக்கும் கொடுவாவுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் இந்தக் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி திருத்தம். 10 என்பது வசதிக்காக வைத்த சராசரி. இருப்பது முழுவதும் தின்னப்படுகிறது என்று கொண்டால் அது இரண்டு எண்களின் பெருக்கம். தின்றதில் எத்தனை பங்கு குடலில் செரித்து உடலுக்குள் போகிறது என்பது ஒன்று. உள்ளே போனதில் எத்தனை பங்கு மூச்சுக்கும் அசைவுக்கும் எரியாமல் தசையாக நிற்கிறது என்பது மற்றொன்று. மக்குத் தின்னிகள் தின்றதில் 20 விழுக்காடு அளவே செரிக்கும். ஊனுண்ணிகளுக்கு 80 வரை செரிக்கும். செரித்ததில் முதுகெலும்பில்லாதவை 25 விழுக்காடு வரையும் மீன்கள் 10 விழுக்காடு அளவும் உடலாக்கும். பறவைக்கும் பாலூட்டிக்கும் 1 முதல் 3 தான், உடல் சூட்டைக் காப்பதற்கே மீதி போய்விடும். இந்த எண்களைக் கொண்டு மறுபடி போடுங்கள். முதல் படியில் 20 × 25 = 5 விழுக்காடு, 225 கிலோ. அடுத்த படியில் 80 × 10 = 8 விழுக்காடு, 18 கிலோ. கொடுவாவுக்கு வரும்போது 1.4 கிலோ.

பல மாணவர்கள் இங்கேதான் தவறுவார்கள். செரிக்காத அந்த 80 விழுக்காட்டை ‘இழப்பு’ என்று எழுதிவிடுவார்கள். அது எச்சமாகச் சேற்றில் விழுகிறது, பாக்டீரியா அதில் குடியேறுகிறது, இன்னொரு வாய் அதைத் தின்கிறது. உணவு வலையை விட்டு நிரந்தரமாக வெளியேறுவது மூச்சில் வெப்பமாகப் போனதும், ஓதத்தோடு கடலுக்குப் போனதும், சேற்றின் ஆழத்தில் புதைந்ததும் மட்டுமே. ஒரே இலைத்துண்டு நாலைந்து குடல்களைக் கடந்துவரும்.

நண்டின் பங்கு இங்கே கூர்மையாகத் தெரியும். உதிர்ந்த முழு இலை மிதக்கும், ஓதம் வற்றும்போது வெளியே போய்விடும். நண்டு அதை இழுத்து வளைக்குள் வைத்துக்கொண்டால் காட்டுக்குள்ளேயே தங்குகிறது. குயின்ஸ்லாந்தின் மிஷனரி விரிகுடாவில் ஆண்டு முழுக்க உதிரும் இலையில் 28 விழுக்காட்டை இந்த நண்டுகள் எடுத்துக்கொள்வதாக 1986-இல் அலிஸ்டர் ராபர்ட்சன் கணக்கிட்டார். நண்டு குடலைக் கடந்த இலை பொடியாக வெளிவருகிறது. முழு இலையைவிட அந்தப் பொடிக்குப் பரப்பு பல மடங்கு, எனவே பாக்டீரியா விரைவில் பிடிக்கும்.

பத்தாம் வகுப்பு மாணவர், பண்ருட்டி: உணவு வலையில் அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது?

தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கி. இலைமக்கு → இறால் → கொடுவா. அம்பு காட்டுவது ஆற்றல் போகும் திசையை, யார் யாரை விரட்டுகிறார் என்பதை அல்ல. கழிமுகப் படத்தில் ‘மக்கு’ என்ற கட்டத்தை மறக்காதீர்கள். இறந்த எல்லாவற்றிலிருந்தும் அதற்கு அம்பு வரவேண்டும். செம்பருந்திலிருந்தும் வரவேண்டும்.

இறால் பண்ணையாளர், நாகப்பட்டினம்: ஒன்றரைக் கிலோ தீவனத்தில் ஒரு கிலோ வன்னமெய் இறால் எடுக்கிறோம். 10 விழுக்காடு விதி எங்கள் குட்டையில் பொய்த்துப் போகிறதே?

பொய்க்கவில்லை. நீங்கள் காய்ந்த தீவனத்தையும் ஈர இறாலையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். இறாலின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ இறாலில் உலர் பொருள் கால் கிலோ. 1,500 கிராமுக்கு 250 கிராம் என்றால் ஏறக்குறைய 17 விழுக்காடு. ஆற்றலிலும் அப்படித்தான். தீவனம் கிலோவுக்கு 4,000 கிலோ கலோரி என்றால் போட்டது 6,000, எடுத்தது 1,000.

இயற்கைச் சராசரியைவிட இது கூடுதல்தான். தேடி அலைய வேண்டாம், துரத்தும் மீன் இல்லை, புரதம் நிறைந்த தீவனம் வாயருகே விழுகிறது. ஆனால் அந்தத் தீவனத்தில் மீன்தூள் இருந்தால் கடலில் ஏற்கெனவே இரண்டு மூன்று படி ஏறிய ஆற்றல் அது. அந்தப் படிகளில் எரிந்தது உங்கள் கணக்கில் வருவதில்லை.

மீதி 5,000 எங்கே போகிறது என்பதும் உங்களுக்குப் பயன்படும். பெரும்பகுதி இறாலின் மூச்சில் எரிகிறது. தின்னாத தீவனமும் எச்சமும் குட்டையின் அடியில் படிகின்றன, பாக்டீரியா அவற்றை எரிக்க ஆக்சிஜனை இழுக்கிறது. குட்டைத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்னால். பாசி இரவெல்லாம் மூச்சு விட்டிருக்கும், வெயில் இன்னும் வந்திருக்காது. காலை 10 மணிக்கு அளந்து ‘சரியாக இருக்கிறது’ என்று முடிவுகட்டினால் ஏமாறுவீர்கள். அந்தத் தண்ணீரை நேரே ஓடையில் திறந்துவிட்டால் அதே ஆக்சிஜன் கடன் ஓடையின் தலையில் விழும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஓடையில் மீன் நிற்காது. படிவுக் குட்டையில் தேக்கி, வண்டல் அடங்கிய பிறகு வெளியேற்றுங்கள்.

தன்னார்வ இளைஞர் குழு, முத்துப்பேட்டை: அலையாத்தி நாற்று நட்டால் ஒரே வாரத்தில் நண்டுகள் கடித்துத் துண்டாக்கிவிடுகின்றன. வளையில் பூச்சிமருந்து ஊற்றச் சொல்கிறார்கள். எவ்வளவு ஊற்றலாம்?

ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். இதைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம். பூச்சியும் நண்டும் இறாலும் கணுக்காலிகள், நரம்பமைப்பு ஒரே வகை. வயல் பூச்சிக்குப் போடும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் இறாலுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. வளையில் ஊற்றியது அடுத்த ஓதத்தில் ஓடைக்கு வந்துவிடும். கடலிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்திருக்கும் ஒரு சென்டிமீட்டர் இறால் குஞ்சுதான் முதலில் சாகும். நண்டு செத்த மண்ணில் காற்றோட்டம் நின்று, நீங்கள் நட்ட நாற்றே பின்னால் வாடும்.

நண்டைக் குற்றம் சொல்வதற்கு முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது இடம். இயற்கையாக முளைத்த கன்றுகள் பக்கத்தில் எந்த மட்டத்தில் நிற்கின்றனவோ அதே மட்டத்தில் நடுங்கள். எப்போதும் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த சேற்றில் நட்டால் வேர் மூச்சு முட்டிச் சாகும், தண்டில் கொட்டலசு ஒட்டி இழுத்துச் சாய்க்கும். வெள்ளை உப்புப் பூத்த மேட்டில் நட்டால் கருகும். அப்படிப்பட்ட மேட்டில் ஓர் அடி ஆழம் குழி தோண்டி, ஊறிவரும் நீரின் உப்பை அளந்துகொள்ளுங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். ஊற்றுநீர் அதன் இருமடங்கை நெருங்கினால் நாற்று தேறுவது அரிது. அங்கே முதல் வேலை வாய்க்கால், நாற்று அப்புறம். பிச்சாவரத்தில் பழைய காலத்தில் மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டிய இடங்கள் வெயிலில் காய்ந்து பள்ளமாகி, வந்த ஓத நீர் வெளியேற வழியின்றித் தேங்கி உப்பேறிப் போயின. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. நடுவில் தாய் வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள். ஓத நீர் உள்ளே வந்து திரும்பத் தொடங்கியதும் உப்பு கழுவப்பட்டு மண் தேறியது.

இரண்டாவது நாற்றின் வயது. பச்சையாக, சாறு நிறைந்த விதையும் இளந்தண்டும்தான் நண்டுக்கு விருப்பம். வெண்கண்டல் விதையை நேரே விதைத்தால் பெரும்பங்கு போய்விடும். பையில் வளர்த்து, ஒன்று முதல் ஒன்றரை அடி உயரம் வந்து, அடித்தண்டு நகத்தால் கீறினால் பச்சை தெரியாத அளவுக்கு முற்றிய பிறகு நடுங்கள். பையைக் கிழித்து எடுத்துவிட்டு மண்கட்டியோடு நடவேண்டும். பிளாஸ்டிக்கைச் சேற்றில் விட்டுவிடக் கூடாது. சுரபுன்னையாக இருந்தால் நீண்ட முளைக்குச்சியின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போனால் போதும். முழுக்கப் புதைப்பவர்கள் நிறையப் பேர், அதில் முளை அழுகும்.

மூன்றாவது காப்பு. மூங்கில் தப்பையை ஒரு சாண் உயரத்துக்கு நறுக்கி நாற்றைச் சுற்றி நெருக்கமாகக் குத்தினால் முதல் இரண்டு மாதம் தாங்கும். கொஞ்சம் போகும் என்பதைக் கணக்கில் வைத்துக் கூடுதலாக நடுங்கள். எல்லா விதையும் பிழைத்தால் காடு ஒரே நெரிசலாகிவிடும். களை பறிப்பதும் நண்டின் வேலைதான்.

மேல்நிலைப் பள்ளி விலங்கியல் ஆசிரியை, கடலூர்: மாணவர்களை வைத்துச் செய்யக்கூடிய சோதனை ஏதாவது சொல்லுங்கள். ஆய்வகத்தில் பெரிய கருவிகள் கிடையாது.

நூல், பை, சட்டம் மூன்றும் போதும். பிச்சாவரம் காப்புக்காடு, 2022 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் உண்டு. எந்த வேலைக்கும் முன்பாக வனத்துறை அனுமதி எழுத்தில் வேண்டும். ஓத அட்டவணை பார்த்து, வற்றத் தொடங்கும்போது இறங்கி, ஏறத் தொடங்குமுன் கரையேறிவிடுங்கள்.

நூல் சோதனை ஒரே நாளில் முடியும். மரத்திலேயே மஞ்சளாகி, தொட்டால் உதிரும் நிலையிலுள்ள இலைகளைப் பறியுங்கள். ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு மீட்டர் நைலான் நூல் கட்டி, மறுமுனையைக் குச்சியில் கட்டிக் குத்திவிடுங்கள். இருபது இலை வையுங்கள். ஓர் ஓதம் போய் வந்தபின் பாருங்கள். சில நூல்கள் நேரே வளைக்குள் இறங்கியிருக்கும். மெதுவாக இழுத்தால் ஓரமெல்லாம் பிறைபிறையாகக் கடிபட்ட இலை வெளியே வரும். சிலவற்றில் காம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். இருபதில் எத்தனை வளைக்குள் போயின என்பதே விடை. முடிந்ததும் நூல் முழுவதையும் திரும்ப எடுங்கள்.

பைச் சோதனைக்கு இரண்டு மாதம் வேண்டும். 20 × 20 செ.மீ. அளவில் இரண்டு வகைப் பைகள் தையுங்கள். ஒன்று 2 மி.மீ. கண், நண்டு நுழையாது. மற்றது 1 செ.மீ. கண், சிறு நண்டும் நத்தையும் நுழையும். பைக்கு 20 கிராம் நிழலில் உலர்த்திய இலை. மரவேரில் கட்டிவிட்டு 7, 14, 28, 56-ஆம் நாள்களில் வகைக்கு மூன்று பை வீதம் எடுங்கள். எடுத்ததை வாளித் தண்ணீரில் மெதுவாக அலசி, 60–70 டிகிரி உலர்கலனில் இரண்டு நாள் காயவைத்து எடை போடுங்கள். உலர்கலன் இல்லாவிட்டால் வெயிலில், அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாத வரை. தொடக்கத்திலும் ஒரு கைப்பிடி இலையை இதே முறையில் காயவைத்து, 20 கிராமில் மிஞ்சியிருந்த ஈரம் எத்தனை என்று கழித்துக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால் முதல் வாரத்திலேயே இலை உள்ளதைவிடக் கூடுதலாகக் கரைந்ததுபோல் பொய்க்கணக்கு வரும். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. அலசாமல் எடை போட்டால் சேறும் உப்பும் சேர்ந்து இலை ‘வளர்ந்திருக்கும்’.

வெண்கண்டல், சுரபுன்னை இரண்டையும் தனித்தனிப் பைகளில் வையுங்கள். வெண்கண்டல் விரைவாகக் கரையும். சுரபுன்னை இலையில் துவர்ப்புச் சத்து கூடுதல், நைட்ரஜன் குறைவு. உதிர்ந்த இலையில் கார்பன் நைட்ரஜனைப்போல 100 மடங்கு வரை இருக்கலாம், விலங்கு வளர அந்த விகிதம் 17-க்குக் கீழே வரவேண்டும் என்பது பொதுவான அளவுகோல். பாக்டீரியா குடியேறும் நாள்களில்தான் இலையின் நைட்ரஜன் பங்கு ஏறுகிறது.

மூன்றாவது, வளை எண்ணிக்கை. 50 × 50 செ.மீ. சட்டம் வைத்து எண்ணி நாலால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு வரும். ஆனால் வளை எண்ணிக்கை நண்டு எண்ணிக்கை ஆகாது. ஒரே நண்டுக்கு இரண்டு வாயில் இருக்கும், பாழடைந்த வளையும் இருக்கும். கால் மணி நேரம் அசையாமல் நின்று, வாயிலைச் சுற்றிக் கடுகுபோல் புதிய மண்ணுருண்டைகள் கிடக்கும் வளைகளை மட்டும் எண்ணுங்கள். ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டு சேற்றை அள்ளி, பாசியை வடித்துத் தின்றுவிட்டுத் துப்பிய உருண்டைகள் அவை. ஆணுக்கு அள்ள ஒரே கை, பெண்ணுக்கு இரண்டு. ஐந்து நிமிடத்தில் யார் எத்தனை முறை அள்ளுகிறார் என்று எண்ணச் சொல்லுங்கள், பிள்ளைகள் நகரவே மாட்டார்கள். நெய்தல் நிலத்துப் பெண்கள் அலவன் ஆட்டி விளையாடியதாகப் பழம்பாடல்கள் சொல்வது இந்தக் குடும்பத்து நண்டுகளைத்தானோ என்று தோன்றும்.

வாசகர், சென்னை: அப்படியானால் எந்தக் கழிமுகத்திலும் நண்டு கூடினால் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கலிஃபோர்னியாவில் எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற கழிமுகம் இருக்கிறது. அங்கே கடல்நாய்போலத் தோன்றும் கடல் நீர்நாய்கள் ஒரு காலத்தில் தோலுக்காக வேட்டையாடி அழிக்கப்பட்டு, 1984-இல் மறுபடி வந்து சேர்ந்தன. அவை நண்டுகளைத் தின்றன. நண்டு குறைந்ததும் நண்டு தின்றுவந்த கடல் முயல் என்ற நத்தையினமும் பாசி மேயும் சிறு ஓட்டுடலிகளும் பெருகின. அவை கடற்புல்லின் மேல் படரும் பாசியை மேய்ந்தன, வெளிச்சம் பட்டுப் புல் தழைத்தது. வயல்களிலிருந்து உரச்சத்து ஏராளமாக வந்து விழும் கழிமுகம் அது, பொதுவாக அத்தகைய இடத்தில் புல் அழியத்தான் செய்யும். 2013-இல் வந்த ஆய்வு இது. அதே இடத்தின் சதுப்புக் கரைகளைப் பற்றி 2024-இல் இன்னொன்று வந்தது. வளை தோண்டி வேரைத் தின்னும் கரைநண்டுகளை நீர்நாய் குறைத்ததால் கரை அரிப்பு மட்டுப்பட்டது.

குயின்ஸ்லாந்து வளை மரத்துக்கு மூச்சு, எல்க்ஹார்ன் வளை கரைக்கு அரிப்பு. முன்னது உதிர்ந்த இலை தின்னும் நண்டு, பின்னது உயிருள்ள வேரையும் தின்பது, தின்பாரில்லாமல் பெருகியது. எனவே ஓர் ஊரில் அச்சாணியாக இருப்பதை எல்லா ஊருக்கும் அச்சாணி என்று அட்டவணை போட முடியாது. அந்தந்த இடத்தில் எடுத்துப் பார்த்த சோதனைதான் பேசவேண்டும்.

முதுகலை மாணவர், பரங்கிப்பேட்டை: இறாலும் மீனும் இலைமக்கை உண்டே வாழ்கின்றன என்று பாடத்தில் படித்தோம். அண்மைக் கட்டுரைகள் வேறு சொல்கின்றன.

பாடத்தில் இருப்பது 1970-களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவில் வில்லியம் ஓடமும் எரிக் ஹீல்டும் மீன்களின் வயிற்றைத் திறந்து பார்த்து எழுதியது. வயிற்றில் இலைத்துகள் இருந்தது உண்மை. ஆனால் வயிற்றில் இருப்பதெல்லாம் உடலில் சேர்வதில்லை. கார்பன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளக்கும் முறை வந்த பிறகு இது தெளிவானது. சதுப்புமர இலையின் கார்பன்-13 மதிப்பு ஆயிரத்துக்குச் சுமார் –28, மிதவைப் பாசிக்கு –21 அளவு. தின்பவரின் தசை ஒரு படிக்கு 1-க்கு மேல் மாறாது. பல கழிமுகங்களில் இறால் தசையின் மதிப்பு பாசிப் பக்கமே சாய்ந்து நின்றது. சேற்றின் மேல் பழுப்புப் பூச்சாகத் தெரியும் டயாட்டம் என்ற நுண்பாசிகள் நாம் நினைத்ததைவிடப் பெரிய சோற்றுப்பானை. அதனால் இலை வீண் என்று ஆகாது. இலையை நேரே தின்பது நண்டு, அதன் குஞ்சுகள் நீரில் மிதந்து மீனுக்கு உணவாகின்றன. உங்கள் படத்தில் மக்குக்கும் சேற்றுப் பாசிக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

மீனவர், கிள்ளை அருகிலிருந்து: முகத்துவாரம் மணலடித்து மூடிய வருஷங்களில் வெள்ளை இறால் வருவதில்லை. காட்டில் இலை விழத்தான் செய்கிறது. சாப்பாடு இருந்தும் ஏன் வரவில்லை?

நீங்கள் கண்டது சரி ஐயா. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு பல முறை தோலுரித்து, இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஓதத்தோடு கழிக்குள் வரும். சில மாதம் தின்று வளர்ந்து கடலுக்குத் திரும்பும். வாசல் மூடினால் வருவதற்கு வழியில்லை. உள்ளே சோறு இருக்கிறது, உண்ண ஆளில்லை. நீரோட்டம் நின்றால் இலை ஓடையடியில் குவிந்து அழுகும், கோடையில் உப்பு கடலைவிட ஏறும், ஆக்சிஜன் இறங்கும். சேற்று நண்டுக்கும் இதே பாடு, சினை நண்டு முட்டை பொரிக்கக் கடலுக்குத்தான் போகவேண்டும்.

வாசலைத் திறந்துவிடும்போது நேரம் முக்கியம். கழியில் நீர்மட்டம் கடலைவிட உயர்ந்திருக்கும்போது, ஓதம் இறங்கும் வேளையில் வெட்டினால் வெளியேறும் நீரே மணலை அரித்து வாயை அகலப்படுத்தும். ஓதம் ஏறும்போது வெட்டினால் அலை கொண்டுவரும் மணல் அன்றே மூடிவிடும். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் முகத்துவாரத்துக்குப் பெரிய துணை. மேலே ஆற்று நீர் குறையக் குறைய அந்தத் துணையும் குறைகிறது.

வாசல் திறந்த முதல் சில வாரங்கள் ஓடைக்குக் குறுக்கே கொசுவலைக் கண்ணி வலை கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடிக் குஞ்சு கால் கிலோவும் தேறாது. விடப்பட்டால் அதே குஞ்சுகளில் பிழைத்தவை மூன்று நான்கு மாதத்தில் விரல் நீளம் தாண்டி உங்கள் வலைக்கே வரும். சினை நண்டு மாட்டினால் மடிப்பு வயிற்றடியில் உள்ள முட்டைக் கொத்தின் நிறம் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பொரிக்க நாளாகும், கருத்திருந்தால் பொரிக்கப்போகிறது. இரண்டையும் முகத்துவாரத்துக்கு வெளியே கொண்டுபோய் விடுவது நல்லது. கருத்ததை அன்றே விடுங்கள்.